நீதிபதியின் அறையில் ஓர் ஆண்டு
(திருவனந்தபுரத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் தமிழின் தொன்மையையும் இனிமையையும் எடுத்துரைத்தார்கள். அவ்வளவு பெரிய பொருளைத் தொடும் ஆற்றல் எனக்கில்லை. வஞ்சியூர் நீதிமன்றத்தில் முப்பதாண்டு காலம் கட்டுகளைப் புரட்டிய கை இது. நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு விண்ணப்பத்தைப் பற்றியது. அவ்விண்ணப்பம் உரிய காலத்தில் போடப்படாமற் போனதற்கு நானும் ஒரு காரணம். ஆதலின், அதைப் பற்றி இவ்வவையில் பேசும் கடமையும் எனக்கு உண்டு.

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஒரு மாலை, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தும் அன்பர் ஒருவர் என் அலுவலகத்திற்கு வந்தார். நம் சங்கத்து உறுப்பினர்தாம். அவருடைய மகள் அப்போது சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தாள். "உச்சநீதிமன்றத்தில் ஏதோ லா கிளார்க் என்று ஒரு வேலையாம், விண்ணப்பம் போடவேண்டும் என்று பிள்ளை நிற்கிறாள். அது என்ன வேலை, வக்கீல் ஐயா?" என்று கேட்டார். எனக்கு அன்று மறுநாள் வழக்கொன்றின் அவசரம். தலையை நிமிர்த்தாமலே, "நீதிபதிக்குக் குமாஸ்தா மாதிரி, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, "அஞ்சு வருஷம் கடன் வாங்கிப் படிக்க வச்சது குமாஸ்தாவாகப் போறதுக்கா?" என்று கூறி எழுந்து போனார். விண்ணப்பத்தின் கெடு பிப்ரவரியில் முடிந்தது. அப்பெண் விண்ணப்பம் போடவில்லை.

அன்பர்களே! ஒரு சொல் பிறழ்ந்ததால் ஓர் ஆண்டு போயிற்று. அச்சொல்லைத் திருத்துவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

வக்கீல் குமாஸ்தா என்பவரை நாம் எல்லோரும் அறிவோம். தமிழிலும் சரி, மலையாளத்திலும் சரி, சொல் ஏறக்குறைய ஒன்றே. வழக்கைப் பதிவு செய்வது, நகலுக்கு மனுப் போடுவது, வாய்தாத் தேதியைக் குறித்து வைப்பது முதலியவை அவர் பணி. அஃது இழிந்த தொழில் என்று நான் ஒருபோதும் சொல்லேன். இளம் வழக்கறிஞனாக நான் நீதிமன்றப் படி ஏறியபோது, பத்திரங்களை எந்த வரிசையில் அடுக்கவேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு முதிய குமாஸ்தாதான். அவர்க்கு நான் இன்றும் நன்றியுடையேன். ஆயினும் நாம் பேசும் பணி அதுவன்று.

ஆங்கிலத்தில் லா கிளார்க் என்று வழங்கப்படுபவர் சட்டம் பயின்ற இளைஞர்; நீதிபதியின் ஆய்வுத் துணைவர். புதிய வழக்குகள் விசாரணைக்கு எடுக்கப்படும் நாள்களில் ஒரு நீதிபதியின் முன் ஒரே நாளில் பல பத்துக் கட்டுகள் வந்து குவியும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டிருக்கும். அவற்றை முதல் நாளே படித்து, வழக்கின் வரலாறு என்ன, கீழ்நீதிமன்றங்கள் என்ன சொல்லின, இப்போது முடிவு செய்யவேண்டிய வினா யாது என்று இரண்டொரு பக்கங்களில் எழுதிக் கொடுப்பவர் இத்துணைவர். நீதிமன்றத்தில் அமர்ந்து இரு தரப்பு வாதங்களையும் குறித்துக்கொள்வார். முன்தீர்ப்புகளைத் தேடி எடுப்பார். தீர்ப்பு எழுதப்பட்ட பின், அதில் காட்டப்பட்ட மேற்கோள்களும் பக்க எண்களும் சரியா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார். தீர்ப்பு நீதிபதியினுடையது, அதில் துணைவர்க்குப் பங்கில்லை. ஆனால் ஒரு தீர்ப்பு எவ்வாறு உருவாகின்றது என்பதை அருகிலிருந்து காணும் பேறு, அந்த அறையில் அவருக்கே கிட்டுகின்றது. வழக்கறிஞராகிய நாங்கள் கூண்டுக்கு இப்பாலிருந்தே வாழ்நாள் முழுவதும் நீதிபதியின் மனத்தை ஊகித்துக் கொண்டிருக்கிறோம். ஓர் இளைஞர் இருபத்து மூன்றாம் வயதில் அப்பால் அமர்ந்து அதைக் கண்டு வருகிறார். இதைக் குமாஸ்தா வேலை என்று நான் சொன்னது எத்துணைப் பேதைமை!

இவ்வழக்கம் தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியான ஹொரேஸ் கிரே என்பவர் 1882ஆம் ஆண்டில் சட்டப் பட்டதாரி ஒருவரைத் தமக்குத் துணையாக அமர்த்திக்கொண்டார். ஊதியத்தைத் தம் கைப்பொருளிலிருந்தே கொடுத்தார். ஆளைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்றால், ஹார்வர்டு சட்டப்பள்ளியில் பேராசிரியராக இருந்த அவருடைய தம்பி நல்ல மாணவர் ஒருவரைப் பார்த்து அனுப்பிவைப்பார். ஆகவே இப்பணி தொடங்கியது அறிமுகத்தினால்தான். அறிந்தவர் பிள்ளைக்கு இடம். அறியாதவர் பிள்ளைக்குக் கதவடைப்பு. அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் முதன்முதலாக ஒரு பெண் இப்பணியில் சேர்ந்தது 1944இல். கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாகச் சேர்ந்தது 1948இல். ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்னும் அம்மையார் வகுப்பில் முதல்வராகத் தேறியவர். அவரைப் பேராசிரியர் ஒருவர் பரிந்துரைத்தும், பெண் என்பதனால் உச்சநீதிமன்ற நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் 1960இல் ஏற்க மறுத்தார். அவ்வம்மையார் மனம் தளரவில்லை. மாவட்ட நீதிபதி ஒருவரிடம் ஈராண்டு ஆய்வுத் துணைவராக இருந்து தொழில் கற்றார். 1993ஆம் ஆண்டில் அதே உச்சநீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார்.

நம்மவர் ஒருவரையும் இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். திருநெல்வேலிச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1967இல் சண்டிகரில் பிறந்தவர் ஸ்ரீ ஸ்ரீனிவாசன். பெற்றோருடன் அமெரிக்கா சென்று சட்டம் பயின்று, நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அம்மையாரிடம் ஆய்வுத் துணைவராகப் பணியாற்றினார். 2013இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியானார். 2020இல் அதன் தலைமை நீதிபதியானார். தாமிரபரணிக் கரையிலிருந்து வாஷிங்டன் வரை நீண்ட பாதையில் இந்தத் துணைப்பணியும் ஒரு படி என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. நம் நாட்டில் நிலைமை யாது? இங்கேதான் பெற்றோர்கள் செவி சாய்க்கவேண்டும் என்று வேண்டுகிறேன். சட்டம் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "நமக்கு அங்கே யாரைத் தெரியும்?" என்பது. நியாயமான கேள்விதான். பாட்டனும் தந்தையும் வழக்கறிஞராக இருந்த வீட்டுப் பிள்ளைக்கு மூத்த வழக்கறிஞரின் அறை தானே திறக்கும். வணிகர் வீட்டுப் பிள்ளைக்கும் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் பிள்ளைக்கும் அக்கதவு எளிதில் திறப்பதில்லை. ஆனால் உச்சநீதிமன்றத்தின் ஆய்வுத் துணைவர் பணிக்கோ, ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிவிப்பு வருகின்றது, தேர்வு நடக்கின்றது. 2024லும் 2025லும் வந்த அறிவிப்புகளில் ஏறத்தாழ 90 இடங்கள். மாத ஊதியம் 80,000 ரூபாய். வயது 20க்கு மேல் 32க்குள். சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருப்போரும் விண்ணப்பிக்கலாம். பணியில் சேருமுன் தேறியதற்குச் சான்று காட்டினால் போதும். இதில் யாரையும் தெரிந்திருக்கவேண்டுவதில்லை. சட்டம் தெரிந்திருந்தால் போதும்.

தேர்வு மூன்று பகுதியாக அமைந்தது. முதற் பகுதியில் விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். சட்ட அறிவையும் படித்ததைப் பொருள் உணரும் திறனையும் சோதிப்பவை. இரண்டாம் பகுதி எழுத்துத் தேர்வு. ஒரு வழக்குக் கட்டைக் கொடுத்து அதனைச் சுருக்கி எழுதச் சொல்வார்கள். ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்து அதற்குரிய சட்டத்தை ஆய்ந்து குறிப்பு எழுதச் சொல்வார்கள். மூன்றாம் பகுதி நேர்காணல். இவற்றுள் நம் பிள்ளைகளை வீழ்த்துவது பெரும்பாலும் இரண்டாம் பகுதியே. கல்லூரியில் பத்துப் பக்கம் எழுதினால் மதிப்பெண் என்று பழகிவிட்டார்கள். இங்கோ முந்நூறு பக்கத்தை மூன்று பக்கமாக்கவேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், செலவில்லாதது. உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புத் தொகுப்பை 2023 ஜனவரியில் மின்னுருவில் இலவசமாகத் திறந்துவிட்டது. வாரத்திற்கு ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்ன, வினா என்ன, முடிவு என்ன, காரணம் என்ன என்று நான்கு பத்திகள், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதைச் சட்டம் அறியாத உங்கள் தந்தையாரிடமோ தாயாரிடமோ படித்துக் காட்டுங்கள். அவர்க்கு விளங்கினால் நீதிபதிக்கும் விளங்கும். மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கினால் இறுதியாண்டுக்குள் நூறு தீர்ப்புகள் உங்கள் கைவசம் ஆகும்.

டெல்லிக்குத்தான் போகவேண்டும் என்பதும் இல்லை. எறணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றமும், சென்னை உயர்நீதிமன்றமும் இத்தகைய உதவியாளர்களைத் தற்காலிகமாக அமர்த்தி வந்திருக்கின்றன. அங்கே ஊதியம் குறைவு; வயது வரம்பும் வேறு. அறிவிப்பை முழுவதும் படித்து விண்ணப்பிக்கவேண்டும். சில நீதிபதிகளிடம் நேரே விண்ணப்பக் கடிதம் அனுப்பும் வழக்கமும் உண்டு. அக்கடிதம் ஒரு பக்கத்திற்கு மேற்படலாகாது. தம் குடும்பப் பெருமையும் நீதிபதியின் புகழும் அதில் வேண்டா. என்ன எழுதியிருக்கிறேன், எந்தப் பொருளில் ஆய்வு செய்திருக்கிறேன், எந்த நாள் முதல் பணிக்கு வர இயலும் என்பன போதும். தாமே எழுதிய கட்டுரை ஒன்றையும் இணைக்கவேண்டும்.

என்னைப் போன்ற மூத்தவர்கள் எழுதிக்கொடுக்கும் பரிந்துரைக் கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். பல்லாண்டு காலம் நான் எல்லோர்க்கும் ஒரே கடிதத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன்: "இவர் நற்குணமுடையவர், உழைப்பாளி, அறிவாளி." அதைப் படிப்பவர்க்கு ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'இன்ன வழக்கில் நான் தேடிக் காணாத தீர்ப்பை இவள் கண்டுபிடித்துக் கொடுத்தாள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், அஃது அப்புகழுரை அனைத்தினும் மேலாயிருந்திருக்கும். ஆகவே மாணவர்களே, உங்களை உண்மையில் அறிந்தவரிடமே கடிதம் கேளுங்கள்; பெரிய பெயருடையவரைத் தேடி அலையாதீர்கள்.

இனி நம் ஊரின் பெருமைக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் சட்டக் கல்வி 1875ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இந்நகரில் சட்டம் பயின்ற அன்னா சாண்டி அம்மையார் 1937இல் முன்சீபாக நியமிக்கப்பட்டார். 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் உயர்நீதிமன்ற நீதிபதியான முதற்பெண்மணி அவரே. இதே நகரின் அரசு சட்டக் கல்லூரியில் பயின்ற பாத்திமா பீவி அம்மையார், 1958இல் முன்சீபாகத் தொடங்கி, 1989இல் உச்சநீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியானார். பின்னர் 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். இவ்வூர்ப் பெண்கள் டெல்லிக்குச் செல்லும் பாதை நேற்றுப் போட்டதன்று என்பதைச் சாலைக் கடைத்தெருத் தந்தையர் உணரவேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு செல்வமும் உண்டு. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். இதனை ஒரு குறையாகவே நாம் எண்ணி வந்திருக்கிறோம். 'தமிழும் திருந்தவில்லை, மலையாளமும் திருந்தவில்லை' என்று வருந்தாத பெற்றோர் இவ்வவையில் எத்தனை பேர்! ஆனால் இரு மாநிலங்களிலிருந்தும் மேல்முறையீடாகச் செல்லும் கட்டுகளில் மூல ஆவணங்கள் பல தமிழிலும் மலையாளத்திலும் இருக்கின்றன. ஒற்றிப் பத்திரத்தையும் கிரயப் பத்திரத்தையும் மூலத்திலேயே படித்து வேறுபாடு காண்பவர் எத்தனை பேர்? கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் வரும் 'குடிகிடப்பு' என்னும் சொல்லைக் கேட்டவுடனே, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழும் ஏழையின் உருவம் நம் பிள்ளையின் மனத்தில் தோன்றும். வடநாட்டு இளைஞர் அதற்கு அகராதியைப் புரட்டவேண்டும். உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் மலையாளத்திலும் மொழிபெயர்த்து வெளியிடப்பட்டு வருகின்றன. இரு மொழியும் சட்டமும் அறிந்தவர்க்குப் பணி இல்லாமற் போகாது. ஆனால் ஒன்று: பேசத் தெரிந்தால் போதாது, எழுதப் படிக்கவும் தெரியவேண்டும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் இச்செல்வத்தை எதிர்பார்த்தல் கூடாது.

இனி எச்சரிக்கையாகச் சிலவும் சொல்லவேண்டும். ஒரு தரப்பை மட்டும் பேசினால் என் தொழில் என்னைச் சுடும். இப்பணி நிலையான உத்தியோகம் அன்று. ஓராண்டுக்கான ஒப்பந்தம், வேண்டுமானால் நீட்டிப்பார்கள். அதன் முடிவில் ஓய்வூதியமும் இல்லை, வேறு வேலைக்கு உறுதியும் இல்லை. பணியில் இருக்கும் காலத்தில் வழக்கறிஞர் தொழில் செய்யலாகாது. அந்த அறையில் கேட்டதையும் கண்டதையும் வெளியே சொல்லலாகாது. வீட்டுக்கு எழுதும் மடலிலும் கூடாது, நண்பர்க்கு அனுப்பும் கைப்பேசிச் செய்தியிலும் கூடாது. நாவடக்கம் இல்லாதவர் இப்பணிக்கு விண்ணப்பிக்காதிருத்தலே நன்று.

அப்படியாயின் அந்த ஓராண்டு வீணா என்று கேட்பீர்கள். அதற்கு உச்சநீதிமன்றமே 2025 மே 20ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு ஒன்று விடை கூறிற்று. கீழ்நிலை நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பிப்போர் மூன்றாண்டு வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்கவேண்டும் என்னும் விதி 2002இல் கைவிடப்பட்டிருந்தது. அதனை அத்தீர்ப்பு மீண்டும் கொண்டுவந்தது. அத்துடன், நீதிபதியிடம் ஆய்வுத் துணைவராக இருந்த காலத்தையும் அம்மூன்றாண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறிற்று. விதிகள் மாறுவதும் திருத்தப்படுவதும் உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே நம்பவேண்டும். ஆயினும், நீதிபதியின் அறையில் கழியும் காலமும் தொழில் கற்ற காலமே என்று அந்நீதிமன்றம் அன்று ஏற்றுக்கொண்டது.

டெல்லியில் பெண் தனியே எப்படி இருப்பாள் என்னும் கவலையும் எனக்குப் புரிகிறது. நானும் பெண்ணைப் பெற்றவன். 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் இராமகிருஷ்ணபுரத்தில் இன்றும் இருக்கின்றது. ஒரு சங்கம் மற்றொரு சங்கத்திற்கு எழுதும் கடிதத்திற்கு மதிப்புண்டு. நம் செயலாளர் அவர்கள் அக்கடிதத்தை எழுதவேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். மேலும் இரண்டு வேண்டுகோள்கள். ஒவ்வோராண்டும் ஜனவரித் திங்களில் இவ்வறிவிப்பு வருகின்றதா என்று பார்த்துச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். தேர்வெழுதச் செல்லும் ஏழைப் பிள்ளைக்கு இரயில் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கவேண்டும். சுருக்கி எழுதும் பயிற்சிக்கு இரண்டாம் சனிக்கிழமைகளில் என் அலுவலகம் திறந்திருக்கும். வருபவர் பேனாவும் தாளும் கொண்டு வந்தால் போதும்.

அப்பெண் என்ன ஆனாள் என்று அறிய விரும்புவீர்கள். சில திங்களுக்குப் பின் நானே சாலைக் கடைத்தெருவுக்குச் சென்றேன். அண்ணாச்சியின் கடையில் அமர்ந்து, இன்று உங்களிடம் கூறியவற்றை எல்லாம் அவரிடம் கூறினேன். நான் அன்று சொன்னது தவறு என்றும் கூறினேன். அவர் ஒரு பித்தளைச் செம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிவில், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அடுத்த ஆண்டு, 2025 மார்ச்சில், அவள் தேர்வெழுதினாள். தந்தையார் கடையை மூடிவிட்டு உடன் சென்று, தேர்வுக் கூடத்தின் வெளியே வெயிலில் காத்திருந்தார். முதன்முறை அவளுக்கு நேர்காணல் அழைப்பு வரவில்லை. நான் ஆறுதல் சொல்லப் போனபோது, அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "வயது வரம்பு முப்பத்திரண்டு, மாமா. இன்னும் காலம் இருக்கிறது." இப்போது வஞ்சியூரில் வழக்கறிஞராகப் பழகிக்கொண்டே, வாரம் ஒரு தீர்ப்பைச் சுருக்கி எழுதி வருகிறாள். எழுதியதை இரவில் கடை கட்டியபின் தந்தையிடம் படித்துக் காட்டுகிறாள். விளங்காத இடத்தில் அவர் கையை உயர்த்துவாராம். அவ்விடத்தை அவள் திருத்தி எழுதுவாளாம்.

அவள் வெற்றி பெறுவாள் என்று நான் வாக்குறுதி தர இயலாது. ஆனால் வரும் ஜனவரியில் அவ்வீட்டிலிருந்து விண்ணப்பம் போகும். இவ்வவையில் சட்டம் பயிலும் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவ்வாறே போகவேண்டும் என்று வேண்டுகிறேன்.